பெயர் தெரியாத சாஸ்தாவுக்கு ஒரு தேங்காய்

என் கோமு,

போன வாரம் நம் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானா? உன்னைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

மதுரை டாக்டர் சீசனுக்குக் குற்றாலம் வந்திருந்தபோது அவர் தங்கிய பங்களாவில் போய்ப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? குறை என்னிடம் என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. முகம் தெரியாத ஒரு மாணவனின் விந்தணுவைக் கொண்டு உன்னைத் தாயாக்கலாம் என்றார். “செவப்பா வேணுமா, உயரமா வேணுமா, சொல்லுங்க. அதுக்குத் தகுந்த ஃபீஸ்.”

நீ சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே கேட்டாய்: “அந்தப் பையனுக்கு எந்த சாஸ்தா, டாக்டர்?”

அவர் சிரித்தார். “அத மட்டும் கேக்கக் கூடாதும்மா.”

பங்குனி உத்திரத்தன்று அவரவர் தகப்பன் வழிக் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போகிறவர்கள் நாம். பிறக்கிற பிள்ளையை எங்கே கூட்டிப் போவது என்பது உன் கவலை. வெளியே சாரலில் நின்று, “உங்கள மாதிரி கறுப்பா இருந்தாப் போதும். வேற ஒண்ணும் கேக்காதீங்க” என்றாய்.

அவள் பிறந்ததிலிருந்து, வாசுதேவநல்லூர்ப் பக்கம் நம் சாஸ்தா கோயிலில் நீ இரண்டு தேங்காய் உடைத்தாய். ஒன்று நம் சாஸ்தாவுக்கு. மற்றது பெயர் தெரியாதவருக்கு. நீ கண்ணை மூடிய பிறகு வரும் முதல் உத்திரம் இது. “எப்பா, அம்மா எதுக்கு வருசாவருசம் ரெண்டு தேங்கா ஒடச்சா?” என்று அவள் கேட்டதும் எனக்குப் பொய் வரவில்லை.

“பேப்பர்ல போட்டிருந்தானே, சோதனைக்குழாய்க் குழந்தைன்னு. அதுவா நான்?” என்றாள். இல்லை என்று விளக்கினேன். “அப்ப, கடையில சேல எடுக்க மாதிரி நெறம் பாத்து எடுத்தீங்களாக்கும்.”

நீ கறுப்பு கேட்டதைச் சொன்னேன். அதுவும் ஒரு தேர்வுதானே என்று பிறகு தோன்றியது. அவள் எழுந்து போய்விட்டாள். நீ இருந்திருந்தால் அவளைக் கட்டிக்கொண்டிருப்பாய். எனக்கு விளக்கம் சொல்லத்தான் வருகிறது. இனி என்னை அப்பா என்று கூப்பிடுவாளா என்று கதவோரம் நின்று காத்திருந்தேன். சாப்பாடு வைத்தாள். கூப்பிடவில்லை.

நேற்றுக் காலை அடுக்களையிலிருந்து குரல் வந்தது. “எப்பா, உத்திரத்துக்கு நம்ம சாஸ்தாவுக்குப் போகணும்லா? தென்காசிலேருந்து பஸ்ஸு எப்பம்னு விசாரிச்சீங்களா, இல்ல அதுக்கும் நாந்தான் போகணுமா?”

இதுவரை எழுதியதை அவள் படித்துவிட்டாள். பிறர் கண்ணில் பட்டாலும் படும் என்று தன் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள்.

இனி அவள் எதைக் கேட்டாலும் பேச்சை மாற்றமாட்டேன், கோமு. தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். நேற்று அவள் ‘எப்பா’ என்று கூப்பிட்ட குரலை நீ ஒருமுறை கேட்டிருக்கலாம்.

உன் மகளின் அப்பா