ஏசியை நிறுத்திய மாலை

1996 ஜூன் 11, செவ்வாய்

கரண்ட் தட்டுப்பாட்டுக்காகத் தம்புள்ளை ஹோட்டலில் இன்று ஏசி சோதனை. பகலிலேயே மண்டபத்தை நன்றாகக் குளிரவைத்து, ஊரே விளக்குப் போடும் நேரத்தில் மெஷினை நிறுத்தினேன், குளிர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க. உள்ளே உட்கார்ந்து, புழுங்கத் தொடங்கியதும் சொல்வது என் பொறுப்பு.

நான் சொல்லவேயில்லை. பரிமாறும் மேரி அக்காதான் வந்தார்.

"தம்பி, ஆத்துல விழுந்தீங்களா? சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு."

தொட்டுப் பார்த்தேன். ஈரம்தான். மெஷினைப் போட்டேன்.

"நாளைக்கு ஒரு நாள் தாறேன். சொரணை உள்ள ஆளா உக்கார வைங்க" என்று மேனேஜர் சிரித்தார். நாளை வந்து உட்காரச் சொல்லி மேரி அக்காவையே கேட்டிருக்கிறேன்.

வீட்டில் நான் இதை எழுதும் இந்த அறையும் புழுக்கமாகத்தான் இருக்கும். என் மனைவி ஸ்டெல்லாவை அடக்கம் பண்ணியதிலிருந்து அவள் படுத்த பக்கத்து ஜன்னலை நான் திறக்கவில்லை. திறந்துவிட்டுப் படுக்கிறேன்.