ஆளுக்கொரு துவாய்

கல்லில் படுத்திருக்கும் என் அன்பான ஆண்டகைக்கு,

உங்களுக்குத் தமிழ் தெரியாது. இதை வாசிக்கப் போகிறவர்களுக்குத் தெரியும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

என் முகம் உங்களுக்குப் பழகியிருக்கும். நீங்கள் அடக்கமாகியிருக்கும் கோவில் வாசலில் தபாலட்டையும் மெழுகுதிரியும் விற்பவள். மத்தியானத்தில் சாப்பாட்டுப் பெட்டியோடு உங்கள் கல்லறைக்குப் பக்கத்து வாங்கில் வந்து உட்காருபவள். அந்தக் கோவில் இப்போது நம் கத்தோலிக்க சபையுடையது அல்ல. கல்லில் செதுக்கிய உங்கள் மூக்கும் உடைந்துவிட்டது. காலடியில் படுத்திருக்கும் கல் நாய்க்கு ஒரு காது இல்லை. உங்கள் குடும்பச் சின்னமான சிங்கம் மட்டும் நாலு பக்கமும் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது.

நான் விற்கும் சின்னப் புத்தகத்தில்தான் உங்கள் வாழ்க்கையைப் படித்தேன். பிரபு ஒருவரின் இளைய மகன். நிலமும் கோட்டையும் அண்ணனுக்கு, திருச்சபை தம்பிக்கு என்று நீங்கள் தொட்டிலில் கிடந்தபோதே முடிவாகிவிட்டது. அதற்குரிய வயது வருமுன்பே ஆயரானீர்கள், பிறகு பேராயர். ஏழைகள் மேல் வரி போட்ட மன்னரை முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசியிருக்கிறீர்கள். ஆனால் அதே ஏழைகளை உங்கள் அண்ணன் தன் நிலத்தில் வதைத்தபோது நீங்கள் வாய் திறந்ததாக அதில் ஒரு வரிகூட இல்லை. ஏன் ஆண்டகை? மன்னரைவிட அண்ணனுக்கா பயம்?

ஒவ்வொரு பெரிய வியாழனும், இயேசு சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக, பன்னிரண்டு ஏழைகளின் பாதங்களை முழங்காலில் நின்று கழுவி முத்தமிட்டீர்கள். அந்தப் பக்கத்தை வாசித்து நான் அழுதிருக்கிறேன். அடுத்த பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அந்த ஏழைகள் மண்டபத்துக்குள் வருமுன்பே உங்கள் வேலையாட்கள் அவர்களுடைய கால்களை வெந்நீரும் வாசனை மூலிகையும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவார்களாம். அதன் பிறகுதான் நீங்கள் வருவீர்களாம். அதை வாசித்துச் சிரித்துவிட்டேன். வீட்டிலும் சொன்னேன். என் அண்ணையும் சேர்ந்து சிரித்தார்.

இப்போது எங்கள் செய்தி. லண்டனில் மனோர் பார்க் பக்கம் ஒரு கோவிலை இரவலாக வாங்கி மாதம் ஒரு தடவை தமிழ்ப் பூசை வைக்கிறோம். கமிட்டிக்கு என் அண்ணைதான் தலைவர். பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரைத் தெரிவு செய்வதும் அவர்தான், அதில் ஒரு கதிரை எப்போதும் அவருக்கு. ஒரு குடம், ஒரு தட்டம், எல்லோருக்கும் கால் துடைக்க ஒரே வெள்ளைத் துவாய். வருடாவருடம் அப்படித்தான் நடந்தது.

இந்த வருடம் புதிதாக வந்த சுவாமி, ஒருவரைத் தானே தெரிவு செய்தார். மரியநாயகம். மினிகாப் ஓட்டுபவர். பூசை நாட்களில் நடக்க ஏலாத கிழவிகளை வீடு வீடாகப் போய் ஏற்றி வருபவர். ஊரில் பூசை நேரம் அவருடைய ஆட்கள் கோவிலின் பின்பக்கத்தில் வெறும் நிலத்தில் இருந்தார்கள். நாங்கள் முன்னால், எங்கள் குடும்பப் பெயர் வெட்டிய கதிரைகளில் இருந்தோம். நாட்டில் நடந்த சண்டை எல்லோரையும் துரத்திக்கொண்டுவந்து இங்கே ஒரே தெருவில் விட்டிருக்கிறது.

அண்ணை மறுக்கவில்லை. சுவாமி சொன்னால் சரிதான் என்றார். என் குசினி மேசையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "இந்தமுறை ஆளுக்கொரு துவாய் வாங்குவம். இந்த நாட்டிலை சுகாதாரம் பாக்கவேணும்தானே" என்றார்.

மச்சாள், அண்ணையின் மனைவி, நல்ல யோசனை என்றாள். ஏன் இந்தமுறை மட்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. உங்கள் வேலையாட்களைப் பார்த்துச் சிரித்த நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீலக்கரை போட்ட துவாய் என்றால் வடிவாக இருக்கும் என்றேன். நானே அவற்றை ஸ்திரி போட்டு மடித்தேன். கை கூசவில்லை. அதுதான் இப்போது கூசுகிறது.

வியாழக்கிழமை மரியநாயகம் கடைசிக் கதிரையில் இருந்தார். புதுச் சப்பாத்து, புதுக் காலுறை. சுவாமி ஒவ்வொருவரிடமும் வரும்போது நான் ஒவ்வொரு துவாயாக நீட்டினேன். இரண்டாவதை நீட்டியபோது மரியநாயகம் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மெழுகுதிரியைப் பார்த்தேன்.

பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். மற்றவர்கள் துவாயைக் கதிரையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மரியநாயகம் தன்னுடையதை மடித்துக் கொண்டுவந்து என் கையில் தந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அக்கா, ஊரிலை தண்ணி குடிக்க எனக்கு மட்டும் வேற பேணி. இங்கை என்னாலை எல்லாருக்கும் வேற துவாய். லண்டன் முன்னேற்றம்தான்."

சுகாதாரம் என்று சொல்லியிருக்கலாம். துவாயை வாங்கிக்கொண்டேன். அவரே என்னைக் காப்பாற்றுவதுபோல வெளியே எட்டிப் பார்த்து, மழை தூறுகிறது, கிழவிகளை ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஈரத் துவாயோடு நான் நின்றேன்.

ஆண்டகை, உங்கள் ஏழைகளுக்கும் தெரிந்துதானே இருக்கும்? ஏற்கனவே கழுவிய காலில் நீங்கள் மறுபடி தண்ணீர் ஊற்றியபோது, குனிந்த உங்கள் தலையை மேலே இருந்து பார்த்துக்கொண்டு அவர்கள் என்ன நினைத்தார்கள்? அவர்களுக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தும்தான் அடுத்த வருடமும் கழுவினீர்களா?

அண்ணை துவாய்களைத் தோய்த்துப் பெட்டியில் போட்டு, அடுத்த வருடத்துக்கு வைத்திரு என்று என்னிடமே தந்திருக்கிறார். அண்ணை கெட்டவர் இல்லை. என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர், என் பிள்ளைகளுக்குத் தகப்பன் மாதிரி. அதனால்தான் இவ்வளவு காலமும் அவர் முன்னால் நான் ஒன்றும் பேசியதில்லை. இந்தக் கடிதத்தை அவரும் வாசிப்பார்.

வருகிற ஞாயிறு கமிட்டி கூடுகிறது. அதற்கு முதல் மரியநாயகத்தின் வீட்டுக்குப் போவேன். அவருக்குத் தெரிந்ததையே என் வாயால் சொல்வேன். அவர் தேத்தண்ணி தந்தால் குடிப்பேன், தராவிட்டால் அதுவும் நியாயம்தான். பிறகு கமிட்டியில் அண்ணையின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்: அடுத்த பெரிய வியாழனுக்கு ஒரே துவாய்தான். அதில் கால் துடைக்க மனமில்லாதவரின் கதிரை காலியாகக் கிடக்கட்டும், அது தலைவருடைய கதிரையாக இருந்தாலும்.

நீங்கள் உங்கள் அண்ணனிடம் சொல்லாமல் போனதை நான் என் அண்ணையிடம் சொல்வேன். இது சத்தியம்.

பெயர் வெட்டிய கதிரையில் இருந்து வளர்ந்த
உங்கள் தங்கச்சி