சீட்டில் மாறிய குகை

அன்பு மகள் வெனிங்குக்கு,

அந்தக் குளிர் ஊரில் நீ இருமல் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் சரியில்லை. மழை ஏமாற்றியதில் மரவள்ளி விரல் பருமன்கூட ஆகவில்லை, ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. நான் அனுப்பிய வெளிறிய நண்டு புது இனம்தான் என்று முடிவாகி, அதற்கு என் பெயரையே வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். வைக்காதே அம்மா. நான் உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

ஆண் நண்டின் வயிற்று மடலுக்கு அடியில் இருக்கும் சிறு உறுப்பைப் பார்த்தால்தான் இனம் பிரிக்க முடியும், செலோ குகையில் ஓர் ஆண் தேடுங்கள் என்றாய். நான்கு நாள் தவழ்ந்தேன், ஒன்றும் அகப்படவில்லை. உன் ஆராய்ச்சி நின்றுவிடுமே என்று ஐந்தாம் நாள் கெபுல் குகைக்குள் இறங்கிவிட்டேன், அங்கேதான் அந்த ஆண் நண்டு அகப்பட்டது. உன் தம்பி டாமரை வெள்ளம் இழுத்துப்போய், இன்றுவரை உடல்கூடக் கிடைக்காத அதே குகை. "இனிமே அதுக்குள்ள கால வெச்சீங்கன்னா என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க" என்று அம்மா சொன்னது உனக்கும் தெரியும். அவளுக்குப் பயந்துதான் நண்டோடு பாட்டிலில் போட்ட, பிடித்த இடம் எழுதும் சீட்டில் செலோ என்று எழுதினேன்.

இப்போது சுண்ணாம்புக்கல் கம்பெனி கெபுல் மலையைக் கேட்கிறது, அடுத்த மாதம் வெடி வைப்பார்களாம். உன் நண்டுக்காக செலோ மலையை விட்டுவிட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் அம்மா எழுந்து, "என் புள்ள அங்கதான் இருக்கான்" என்றாள். தலைவர் சுகெங், "அக்கா, செலோல நண்டு இருக்கு, பேப்பர் இருக்கு. கெபுல்ல வவ்வா எச்சத்தத் தவிர என்ன இருக்கு?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நான் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்றிருந்தேன். அவளோ "உள்ள தண்ணி எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டாள். அடி தெரியும்படி தெளிந்திருந்தது என்றேன். "அப்புறம் ஏன் இங்க உக்காந்திருக்கீங்க, பொண்ணுக்கு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உன் ஆராய்ச்சிக்கூடப் பெரியவர்கள் முன்னால் உனக்குத் தலைகுனிவு வரும், தெரிகிறது. இந்தக் கடிதத்தையே காட்டு, திட்டு எனக்கு வரட்டும். செலோவில் நண்டே இல்லை என்று நான் சொல்லவில்லை, என் கையில் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

இறைவன் உன்னைக் கைவிடமாட்டான். கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே. மறக்காமல் சீட்டில் கெபுல் என்று மாற்றிவிடு. பிடித்தவன் பெயர் மட்டும் அப்படியே இருக்கட்டும், அதில் அது ஒன்றுதான் உண்மை.

உன் அப்பா,
வாகிமின்