இடது கைக்கு ஒரு தூண்டில்

லாங் ஐலண்ட், அந்தமான்,
நவம்பர் 19

டயானா அப்பாவுக்கு,

ரோசலின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் படகும் ஏழு கோழிகளும் சுகம். எட்டாவது கோழி என்ன ஆயிற்று என்று பின்னால் எழுதுகிறேன். அங்கே நீங்களும் உங்கள் அக்காவும் சுகமாக இருக்க வேண்டுமென்று மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் இருக்கிறது. கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்குப் போய் விளக்குக் கம்பத்தடியில் நின்றால் சிக்னலும் இருக்கிறது. ஆனால் நான் பத்து நிமிடம் பேசினால் நீங்கள் ஒரு "ம்" போடுகிறீர்கள். அப்புறம் "இந்தா, அக்காட்ட குடுக்கேன்" என்கிறீர்கள். எட்டு மாதமாக மதினியிடமே பேசி, மணப்பாட்டில் யார் வீட்டு மாடு எத்தனை மணிக்குக் கறக்கும் என்பது வரை எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களைப் பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லை. கடிதத்துக்கு "ம்" போட முடியாது. (தங்கம்மா மதினி, இதை நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தால் இங்கேயே மடித்து அவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த பக்கத்தில் உங்களைப் பற்றி இருக்கிறது.)

உங்கள் கையைப் பற்றித் தீவில் நாலு கதை ஓடுகிறது. ரங்கத் பஸ்ஸில் நான் கேட்ட கதையில் முதலை வருகிறது. இன்னொன்றில் படகின் என்ஜின். உண்மையைச் சொன்னால்தான் யாரும் நம்புவதில்லை. முப்பது வருடம் தங்கூசி என்கிற நைலான் நரம்பைக் கையில் சுற்றி மீன் இழுத்த மனிதர், சீசனுக்கு மீன்பிடிக்க வருகிற அன்பழகன் சாரின் தூண்டிலில் பெரிய கொடுவா மாட்டியதும், பழைய பழக்கத்தில் சாருடைய மெல்லிய பின்னல் நூலை எட்டிப் பிடித்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். மீன் திரும்பி ஓடியது. மூன்று விரலின் நரம்பு போயிற்று. இதைச் சொன்னால், "நூலா? நூல் அப்படி அறுக்குமா?" என்று என்னைப் பொய்க்காரி மாதிரி பார்க்கிறார்கள். இப்போதெல்லாம் நானும் முதலை என்றே சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

சீசன் தொடங்கிவிட்டது. கொடுவா பிடிக்க வருகிறவர்கள் உங்களைக் கேட்டுப் போன் போடுகிறார்கள். நாயகம் அண்ணன் இருக்கிறாரா, எந்த ஓடையில் மீன் நிற்கிறது, எந்த வாரம் நீரோட்டம் நன்றாக இருக்கும் என்று கேட்கிறார்கள். ஓய்வில் இருக்கிறார் என்கிறேன். காலையில் லாட்ஜுக்கு முப்பது பேருக்குச் சாப்பாடு, பிறகு தண்ணீர் பிடிக்கிற வேலை, பிறகு படகில் சேர்ந்த மழைத்தண்ணீரை இறைக்கிற வேலை. படகை இறைத்து முடித்தால் என்னை யாராவது இறைக்க மாட்டார்களா என்று இருக்கிறது. படுத்தால் தூக்கம் வருகிறது, ஆனால் அசதி போவதில்லை.

அங்கே ஐஸ் கம்பெனியில் உங்களுக்குப் பார்த்திருக்கிற வாட்ச்மேன் வேலை பற்றி மதினி சொன்னார்கள். படகை விற்றுவிட்டு நானும் அங்கே வந்துவிட வேண்டும் என்று நீங்கள் சொன்னதாகவும் சொன்னார்கள். நீங்கள் சொன்னீர்களா, மதினி சொல்லி நீங்கள் "ம்" போட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. செய்தி எனக்கு வந்ததோ இல்லையோ, கான்ட்ராக்டர் ஜம்புலிங்கத்துக்கு வந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறார். தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி படகைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். "பாபி, பாய்சாப் இனிமே வரமாட்டார்னு ஊரே பேசுது. போட்டு வெயில்ல காயுது. ஜல்தி ஒரு முடிவு சொல்லுங்க" என்கிறார். படகின் மூக்கில் ஒட்டுவதற்கு 'ஜெயலட்சுமி எக்ஸ்பிரஸ்' என்று ஸ்டிக்கர் கூட அடித்து வைத்துவிட்டாராம். அவர் மனைவியின் பெயர். அந்த அம்மாளுக்குக் கடலைப் பார்த்தாலே வாந்தி வரும் என்பது வேறு விஷயம்.

இனி எட்டாவது கோழி. அக்டோபர் கடைசியில் அன்பழகன் சார் வந்தார். பேங்க்கில் ரிட்டயர் ஆனதிலிருந்து மனிதருக்கு இதே வேலை. நாலு தூண்டில் கம்பும், இரைக்குப் பதில் மாட்டுகிற பொய் மீன் ஒரு பெட்டி நிறையவும் கொண்டுவந்து நம் வீட்டு வாசலில் வைத்தார். எட்டாவது கோழியை அன்றைக்குத்தான் குழம்பு வைத்தேன். சாப்பிட்டு முடிக்கிறவரை சார் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு, "அக்கா, அவருக்கு எது தோதா வருமோ அதை எடுத்து வச்சுக்குங்க. நான் மாயாபந்தர் பக்கம் போயிட்டு மூணு வாரத்துல வர்றேன்" என்றார். எது தோது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அவர் கையில பிடிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். கை மணப்பாட்டில் இருக்கிறது. நான் என்ன செய்வது?

சிரிக்காதீர்கள். என் வலது கையில் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றையும் மடங்காதபடி நீட்டிப் பிளாஸ்திரி போட்டுக் கட்டினேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பாக்கி, உங்களுக்கு இருப்பது மாதிரி. கம்பை இடது கையில் எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன்.

முதல் நாள் எறிந்த பொய் மீன் வேப்பமரத்தில் மாட்டியது. இரண்டாவது, ஃபெர்ரிக்காரர் காயப்போட்டிருந்த யூனிஃபார்ம் சட்டையில். மூன்றாவது ஜம்புலிங்கத்தின் குடையில். அது தற்செயல் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பக்கத்து வீட்டு பெங்காலி தீதி துணி துவைத்துக்கொண்டே, "அரே ரோசி, மச்லி பானி மே ஹை, பேட் பர் நஹி!" என்று கத்தினாள். மீன் தண்ணீரில்தான் இருக்கிறது, மரத்தில் இல்லையாம். முப்பது வருடம் மீன்காரர் வீட்டில் குடித்தனம் நடத்தியவளுக்கு இந்தப் பாடம். மறுநாள் முதல் ஐந்து மணிக் கப்பலுக்கு நிற்கிற ஜனமெல்லாம் எனக்கும் சேர்த்து நிற்க ஆரம்பித்தது. இத்தனை வருடத்தில் என்னைப் பார்க்க இவ்வளவு கூட்டம் கூடியதில்லை, நம் கல்யாணத்தில் கூட.

முதல் கம்பு ஆழ்கடலுக்கானது. என்னைவிட உயரம். அதை எறிய இரண்டு நல்ல கை வேண்டும். ஓரமாக வைத்துவிட்டேன். இரண்டாவதில் நூல் சுற்றுகிற ரீல் கம்பின் மேலே உட்கார்ந்திருக்கும். அதன் கைப்பிடி இடதுபக்கம், மாற்ற முடியாது. அப்படியானால் கம்பை வலது கையில்தான் பிடிக்க வேண்டும். போதாததற்கு, எறியும்போது கட்டைவிரலால் நூலை அமர்த்தாவிட்டால் எல்லாம் தேங்காய்நார் மாதிரி சிக்கிக்கொள்ளும். பிரிக்க ஒரு மத்தியானம் போயிற்று. மூன்றாவது கம்பு நல்ல விறைப்பு. ஆனால் அடிப்பிடி குட்டை. இடது மணிக்கட்டு இரண்டே நாளில் வீங்கிவிட்டது.

நாலாவது ஆறரை அடி. நுனி மட்டும் வளையும், இடுப்பு வளையாது. அடிப்பிடி நீளம். அதை முழங்கைக்கு அடியில் கொடுத்து இறுக்கினால் பாதி பாரம் உடம்புக்குப் போய்விடுகிறது. ரீல் கம்பின் கீழே தொங்குகிற வகை. அதன் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம் என்று டயானா போர்ட் பிளேரிலிருந்து வீடியோ பார்த்துச் சொன்னாள். ஒரு திருகாணிதான். வலதுபக்கம் மாட்டினேன். நுனியில் எலுமிச்சை அளவு உருண்டை. இரண்டு விரலும் உள்ளங்கையும் போதும், சுற்ற முடிகிறது. மெதுவாகத்தான். ஆனால் முடிகிறது.

பொய் மீன் பெட்டியைத் திறந்தால் நகைக்கடை மாதிரி இருக்கிறது. பளபளப்பானது எல்லாவற்றுக்கும் வயிற்றில் மூன்று முனை முள். மீன் வாயிலிருந்து அதைக் கழற்ற இரண்டு விரலுக்கு முடியாது, பார்த்துவிட்டேன். ரப்பர் இறால் ஒன்று இருக்கிறது, பார்க்க அழகில்லை. ஒரே முள், அதுவும் ரப்பருக்குள் புதைந்திருக்கும். ஓடைக்கரைக் கண்டல் மரத்து வேரில் மாட்டாது. குறடால் ஒரு திருகு திருகினால் மீன் வாயிலிருந்து வந்துவிடுகிறது. அதில் ஆறு எடுத்துவைத்திருக்கிறேன்.

பிளாஸ்திரியை வீட்டிலும் கழற்றவில்லை. ஜெட்டியில் மட்டும் கட்டினால் அது நாடகமாகிவிடும் என்று தோன்றியது. முதல் நாள் எனக்கே சிரிப்பாக இருந்தது. இரண்டாம் நாள் லாட்ஜ் சாப்பாட்டில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. மூன்றாம் நாள் காலையில் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாமல் அரைமணி நேரம் நின்றேன். கடைசியில் தீதியைக் கூப்பிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டாள், ஏதோ வேடிக்கையாகச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று கூட நினைவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. என்னை மாதிரிதான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள்.

அப்போதுதான் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. மூன்று விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. "இனிமே சீட்டு விளையாடப் போக முடியாதுல்லா, எனக்கு நல்ல காலம்தான்" என்றேன். நர்ஸ் சிரித்தது. அன்பழகன் சார் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் முழுதாக ஒரு வாக்கியம் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஆபரேஷனுக்காகக் கப்பலேறும்போது கூட, டயானா பரீட்சை முடியட்டும், நீ இங்கேயே இரு என்று மதினியைத்தான் போனில் சொல்ல வைத்தீர்கள்.

வலிக்கிற இடத்தில் தமாஷ் சொல்வது எனக்கு வியாதி. இந்தக் கடிதத்தில் கூட எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறேன் என்று பாருங்கள். ஆனால் அந்த ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி இருந்தால், இன்னும் ஒரு வருடம் இந்த மூன்று விரலையும் கட்டிக்கொண்டு திரிவேன்.

பதினாறாம் நாள் ஜெட்டித் தூணடியில் ஒரு கொடுவா ரப்பர் இறாலைக் கவ்வியது. இரண்டு கிலோ இருக்கும். பெரிய மீன் இல்லை, ஆனால் என்னைக் கடலுக்குள் இழுத்துவிடும் போல இருந்தது. கம்பை முழங்கைக்கு அடியில் இறுக்கி, இரண்டு விரலால் சுற்றிச் சுற்றி மேலே கொண்டுவந்தேன். நூலைக் கையால் தொடவில்லை, வலையால் அள்ளினேன். ஜனம் கைதட்டியது. ஜம்புலிங்கம் மட்டும் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். அன்பழகன் சார் போன்றவர்கள் மீனைப் பிடித்துப் போட்டோ எடுத்துவிட்டு மறுபடி கடலில் விடுவார்கள். நான் குழம்பு வைத்தேன்.

முந்தாநாள் சார் திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னேன். பெரிய மீனெல்லாம் இந்தக் கைக்கு நிற்காது, போய்விடும் என்றும் சொன்னேன். அவர், "போகட்டும் அக்கா. பிடிக்கறதுக்கு நாங்க இருக்கோம். மீன் எந்த வேருக்கு அடியில நிக்குதுன்னு சொல்ல இந்தத் தீவுல அவர் ஒருத்தர்தான். அதுக்கு விரல் வேண்டாம்" என்றார். நாலாவது கம்பை நான் எடுத்துக்கொண்டேன். மற்ற மூன்றையும் அவர் கட்டி எடுத்துப் போகிறார். இந்தக் கடிதத்தையும் அவர்தான் சென்னையில் தபாலில் சேர்ப்பார்.

டிசம்பர் பதினாறாம் தேதி சென்னையிலிருந்து கப்பல். டிக்கெட்டை சார் எடுத்து வைப்பார். நீங்கள் சென்னை வந்து சேர்ந்தால் போதும். பத்தொன்பதாம் தேதி போர்ட் பிளேர் துறைமுகத்தில் டயானா நிற்பாள். ஜம்புலிங்கத்திடமும் இதைச் சொல்லிவிட்டேன்: "அந்தக் கப்பலில் அவர் வந்தால் படகு எங்களுக்கு, வராவிட்டால் மறுநாள் சாவி உங்களுக்கு."

கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் வராவிட்டால் நான் மணப்பாட்டுக்கு வந்துவிடுவேன். ஐஸ் கம்பெனி வாசலில் உங்களோடு ஒரு ஸ்டூல் போட்டு உட்கார எனக்கு வெட்கமில்லை. மதினியோடு கூட ஒத்துப்போவேன், மாதா துணை செய்தால். அதையும் என்னால் செய்ய முடியும், இதையும் செய்ய முடியும். இரண்டுக்கும் நடுவில் இப்படி நின்றுகொண்டிருக்கத்தான் இனி முடியவில்லை. களைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

கம்பு நான் தேர்ந்தெடுத்தேன், ரீலும் முள்ளும் நான்தான். நூலை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. ரீலில் இருந்த பின்னல் நூலை நேற்று கையுறை போட்டுக்கொண்டு முழுவதும் உருவி எடுத்துவிட்டேன். இப்போது அது வெறும் ரீல். பின்னல் நூலா, பழைய தங்கூசியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எதுவானாலும் அதைத் தனியாக ஒருவர் சுற்ற முடியாது. ஒருவர் நூல்கட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும்.

கடல் அமைதியாக இருந்து உங்களை இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து சுற்றுங்கள். கட்டையை நான் பிடித்துக்கொள்கிறேன். வாயை மூடிக்கொண்டு.

உங்கள்
ரோசலின்