கூசியது யார்?

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் அப்படியே அத்தை ஜாடை. சலவைக் கடையில் புது இஸ்திரி மிஷின் வந்திருக்கிறது, நான்தான் ஓட்டுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "பட்டுக்குட்டி, சாப்பிட்டீங்களா?" என்றுதானே கேட்டேன்? அதற்கு, "ஐயோ, கிரிஞ்ச் பண்ணாதே" என்றீர்கள். பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். யாரென்று கேட்டால், கூட வேலை பார்க்கிற ஸ்டோர் மேடமாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்கள் வாயில் வராத வார்த்தை அது. எவள் சொல்லிக்கொடுத்தாள்? எனக்கு வயிறு எரிகிறது, மறைக்கவில்லை.

உங்கள் தங்கையிடம் அர்த்தம் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிறவளாயிற்றே. ஏதோ கெட்ட வார்த்தை என்றே நினைத்திருந்தேன். அவள் சிரித்துவிட்டு, "அண்ணன் தப்பா சொல்லியிருக்கார் அண்ணி. அது வினைச்சொல். ஒருத்தர் அசடு வழிஞ்சா, பாக்கறவங்களுக்கு உடம்பு கூசி ஒடுங்குது பாருங்க, அதுதான் கிரிஞ்ச். நீங்க அதைப் பண்ணவே இல்லை. பண்ணினது அண்ணன்தான்" என்றாள். அண்ணனை யாரிடமும் விட்டுக்கொடுக்காதவள், இலக்கணத்திடம் விட்டுக்கொடுத்துவிட்டாள்!

அன்றிலிருந்து அதே நினைப்பு. யாருடைய சட்டைக் காலரையோ தீய்த்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்றும் அந்தப் பெயரைத்தானே சொன்னேன்? பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லு என்று நின்றீர்களே. அன்றைக்குக் கூசவில்லை. அப்போது பக்கத்தில் யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால்தான் கடிதம். போனென்றால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள். கதவைச் சாத்திவிட்டுப் படியுங்கள். படித்து முடித்ததும் வாய்விட்டு ஒரு தடவை பட்டுக்குட்டி என்று சொல்லிப் பாருங்கள். கூசவில்லை என்றால் உடனே போன் பண்ணுங்கள். அந்த மேடத்தைக்கூட மன்னித்துவிடுகிறேன். தனியாக இருக்கும்போதும் கூசினால், அதைப் போனில் சொல்லாதீர்கள். எழுதுங்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வேறு பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாத
உங்கள் மனைவி