செல்லபாயின் உறக்கம்

பாறசாலை
20-9-1954

அன்பு பங்கஜம்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பள்ளி முற்றத்துக்குப் போய், இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டியிருந்த வலையை அவிழ்த்தேன். குளச்சலில் வாங்கிய பழைய மீன்வலைதான். என் வகுப்புப் பெண்கள் தினமும் சாயங்காலம் அதன் இருபுறமும் நின்று ரப்பர் வளையம் எறிந்து விளையாடுவார்கள். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட ஆடுவேன். முடிச்சுகள் பனியில் இறுகிக் கிடந்தன. நகம் பிய்ந்துவிட்டது.

அவிழ்க்கச் சொன்னவர், பள்ளியை நடத்தும் சபைக் கமிட்டியின் செயலாளர் நேசையன். அவர் மகள் செல்லபாய்தான் என் பெண்களில் கெட்டிக்காரி. கொஞ்ச நாளாக முதல் பாடத்திலேயே பெஞ்சில் தலை சாய்த்துவிடுகிறாள். ராத்திரி உறக்கமே இல்லையாம்.

"அந்தியில துள்ளிச் சாடினா உடம்புச் சூடு ஆறாது டீச்சரே. பின்ன உறக்கம் எங்கே வரும்? வேணும்னா விடியக்காலம் விளையாடட்டு" என்கிறார்.

விடியற்காலையில் கிணற்றில் தண்ணீர் கோருவதும் தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டுவதும் இந்தப் பெண்கள்தானே? காலைக்கு மாற்றினால் ஆட்டம் நின்றுபோனது என்றே அர்த்தம். அடுத்த மாதம் கமிட்டி கூடி முடிவு சொல்லும்.

எனக்கு ஒன்று புரியவில்லை. ஆகஸ்டில் எல்லைப் போராட்டக்காரர்கள்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, ரோட்டில் போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டாலே விழித்துக் கிடக்கிறேன் என்று எழுதியிருந்தேனே. விளையாடின நாட்களில் மட்டும் நன்றாக உறங்கினேன். அதே ஆட்டம் அவளை ஏன் உறங்கவிடவில்லை? நீ டாக்டர், சொல்.

உன்
ஜெபகுமாரி

நாகர்கோவில்
27-9-1954

எட்டி ஜெபம்,

காலேஜ் ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகு ஸ்கிப்பிங் கயிறு சாடி, வார்டனிடம் பிடிபட்டு, விடிய விடியக் கண் கொட்டாமல் கிடந்தோமே, மறந்துபோனாயா? அது பாதி பயம், பாதி படபடப்பு. படுக்கப் போகிற நேரத்தில் மூச்சுவாங்க ஆடினால் சிலருக்கு உறக்கம் தள்ளிப்போகும். உன் நேசையன் சொல்வதில் அவ்வளவுதான் நியாயம். விளக்கு வைக்கும் முன் ஆட்டம் முடிந்தால் படுப்பதற்குள் சூடும் இளைப்பும் அடங்கிவிடும். பலர் முன்னைவிட நன்றாகவே உறங்குவார்கள்.

ஆட்டம் முடிந்து படுக்கும்வரை அந்தப் பெண் என்ன செய்கிறாள், என்ன சாப்பிடுகிறாள்? அதைப் போய்ப் பார்.

இன்னொன்று. இங்கே பெண்கள் பள்ளியில் உனக்கு ஓர் இடம் பேசி வைத்திருக்கிறேன். ஜனவரியில் சேரலாம். என் வீட்டு மாடி சும்மாதான் கிடக்கிறது. எல்லைச் சண்டைக்கு நடுவில் தனியாகக் கிடந்து வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்தது போதும். இனி மறுத்து எழுதினால் நேரில் வந்து பெட்டியைக் கட்டுவேன் ஆக்கும்!

உன்
பங்கஜாட்சி

பாறசாலை
11-10-1954

அன்பு பங்கஜம்,

உன் கேள்வியோடு நேசையன் வீட்டுக்குப் போனேன். வலையை அவிழ்த்து இத்தனை நாளாகியும் செல்லபாய் பெஞ்சில்தான் உறங்குகிறாள் என்பதும் என் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு இருக்கச் சொன்னார்கள். நேசையனின் ஜெபம் உனக்குத் தெரியாது. ஆதாமில் துவங்குவார். அதியன்னூர் மச்சினனின் முழங்கால் வலிக்கு வந்து சேர்வதற்குள் விளக்கில் எண்ணெய் வற்றிவிடும். அவர் துவங்கும் முன் அவர் மனைவி ஆனந்தபாய், மை போலக் கறுத்த கருப்பட்டிக் காப்பியை மகளுக்கு ஒரு பெரிய டம்ளர் நிறையக் கொடுத்தாள். எனக்கும் தந்தாள்.

"இந்நேரத்தில் காப்பியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"விளையாடித் தளந்து வந்தப்போ தொடங்கினதாக்கும் டீச்சரே. ஜெபத்துல உறங்கி விழுந்தா அப்பன் ஏசுவாரு. இது குடிச்சா முழிச்சிருப்பா. இப்போ பழக்கமாச்சு."

முழித்துத்தான் இருந்தாள், விடியும்வரை! அன்று நானும்தான்.

மறுநாள் ஆனந்தபாயிடம் தனியாகச் சொன்னேன். காப்பியை நிறுத்தக் கையில் அடித்துச் சம்மதித்தாள். "அவருக்குத் தெரியாண்டாம்" என்று மட்டும் கெஞ்சினாள். நேசையனிடம், ஆட்டத்தை நிறுத்தியும் மகளுக்கு உறக்கம் வரவில்லையே, கமிட்டி கூடும்வரை மறுபடி ஆடவிட்டுத்தான் பாருங்களேன் என்றேன். தாடியைச் சொறிந்துகொண்டு, "செரி, பாருங்க" என்றார். வலை கட்டாமல், தரையில் கோடு கிழித்து ஆடுகிறோம். கருக்கலுக்கு முன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.

இனிப் பயமெல்லாம், காப்பியில்லாத ஜெபத்தைப் பற்றித்தான்.

உன்
ஜெபகுமாரி

பாறசாலை
26-10-1954

அன்பு பங்கஜம்,

ஜெயித்துவிட்டோம்!

ஞாயிறு ஆராதனைக்குப் பின் கமிட்டி கூடியது. என் பேச்சை நான் தயாராக வைத்திருந்தேன். நேசையன் முந்திக்கொண்டு எழுந்தார்.

"நான் ஜெபம் தொடங்கி நோவா பேழைக்குள்ள ஏறல்ல, அதுக்குள்ள எனக்க மகளுக்குக் குறட்டை! முழங்கால்ல நின்ன இடத்திலேயே!"

கமிட்டி அங்கத்தினர் பொன்னுதாஸ் சும்மா இருப்பாரா? "அண்ணே, உங்க ஜெபத்துக்கு நாங்களும் அப்படித்தானே" என்றார். போதகர்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரியுங்கலே, நல்லா சிரியுங்க" என்றார் நேசையன். "முதல் நாளு ஏசினேன். மறுநாளு விடிஞ்சப்போ ஒருத்தரும் எழுப்பாம எழும்பி, தண்ணி கோரி வச்சிட்டு, பாட்டும் பாடிட்டு நிக்கிறா. நான் சொன்னது தப்பாக்கும். சாயங்கால ஆட்டம் நடக்கட்டு. ஜெபத்தை நான் நேரத்தோடே வச்சுக்கிடுதேன்."

"சுருக்கமாவும்!" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். ஆனந்தபாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தாள். அவள்தான் என்று சத்தியம் செய்வேன். எல்லாரும் கை தூக்கினார்கள். ஜன்னலுக்கு வெளியே என் பெண்கள் கூவினது ரோடு வரை கேட்டிருக்கும்.

நேற்றுக் காலை வலையைத் திரும்பவும் கட்டினேன், முன்னைவிட ஒரு சாண் உயர்த்தி. சாயங்காலம் ஆடிக்கொண்டிருக்கும்போது போலீஸ் வண்டி ரோட்டில் போனது. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து செல்லபாய் எறிந்த வளையம் என் தோளில் பட்டு விழுந்தது. "டீச்சர் அவுட்!"

ராத்திரி வண்டி போனதா என்று எனக்குத் தெரியாது. அப்படி உறங்கியிருக்கிறேன்.

நீ கோபப்படுவாய், தெரியும். நாகர்கோவிலுக்கு நான் வரவில்லை, பங்கஜம். மாடியைக் கிறிஸ்துமஸ் லீவுக்கு மட்டும் ஒழித்து வை. இந்த ஊரை எந்த மாநிலத்தோடு சேர்த்தாலும், கருக்கலுக்கு முன்னுள்ள அந்த ஒரு மணி நேரம் எங்களுடையது. நான் இங்கேயே இருக்கப் போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நேரே முற்றத்துக்குப் போகிறேன்.

உன்
ஜெபகுமாரி