பச்சைக் கண் சுறாவும் நம் அடுப்படிப் பூனையும்

தூத்துக்குடி
12-2-1947

கொழும்பில் இருக்கும் என் ஆசை அக்காவுக்கு,

வயிற்றில் பிள்ளை துள்ளுகிறதா? மாங்காய் நறுக்கினால் உன் நினைவுதான்.

நேற்றுச் சாயங்காலம் அப்பா சுறா ஈரல் எண்ணெய் காய்ச்சும் கொட்டகைக்கு ஒரு புதுச் சுறா வந்தது. வெகு ஆழத்தில் தூண்டிலில் மாட்டியதாம். அரிக்கேன் விளக்கைக் கிட்டே பிடித்தேன். கண் பச்சையாக எரிந்தது, நம் பூனைக்கு எரியுமே, அதே பச்சை. அடுப்புச் சாம்பலில் சுருண்டு கிடப்பதற்கும் சூரியனையே பார்க்காததற்கும் ஒரே கண்! எனக்கும் அந்தக் கண் இருந்தால் கடலடியிலேயே நடந்து கொழும்புக்கு வந்துவிடுவேன்.

வயிற்றைக் கீறினால், உயிரோடு ஒரு குட்டி. முட்டையில்லை அக்கா, பூனையைப் போலவே குட்டி! கொட்டகையில் என்னோடு வேலை செய்யும் சீனித்தாய் மதினி சொன்னாள்: "பூனைன்னா குட்டிய ஏழு வீடு மாத்திக் காப்பாத்தும். சுறா போட்டதும் திரும்பிப் பாக்காதுளா."

அப்பா குட்டியை வாளியில் எடுத்துப் போனார். குழம்புக்குத்தான் இருக்கும்.

தங்கை,
சந்தனமாரி

கொழும்பு
24-2-1947

அன்புச் சந்தனத்துக்கு,

அம்மா போனதும் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவளா இப்படி எழுதுகிறாய்!

ஒன்று கேட்கிறேன். நம் அப்பா சுறாவா, பூனையா? வேதக்கார வில்பிரட்டைச் சர்ச்சில் கட்டிய நாளிலிருந்து அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். ஆனால் அழைப்பில்லாமல் எப்படிப் படியேறுவேன்? இன்னும் ஒரு மாதத்துக்குள் ஒரு வார்த்தை வராவிட்டால் இங்கேயே பெற்றுக்கொள்கிறேன். அப்புறம் எப்போதும் வரமாட்டேன்.

செல்லத்தாய்

தூத்துக்குடி
5-3-1947

அக்கா,

உன் கடிதத்தைக் கொட்டகையில் வைத்து அப்பாவுக்கு வாசித்தேன். சுறாவா பூனையா என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். எழுத வந்தாலும் அப்பாவை நேரில் கேட்க எனக்கு வராதே. "மேல வாசிளா" என்றார். வாசித்தேன்.

சீனித்தாய் மதினி விடுவாளா? "சொல்லும் மாமா, அந்தக் குட்டிய என்ன செஞ்சீரு?"

"கடல்ல விட்டேன்."

"ஆழத்துப் பிள்ளை கரைத் தண்ணியில பொழைக்குமா?"

"அது தெரியாமலா? தோணியில கொண்டுபோயி, கரை மறைஞ்ச பொறவுதான் விட்டேன்."

வலைக்கயிறு பிடித்தே அறியாத அப்பா, வாளியை மடியில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறார்! அந்தக் குட்டி இப்போது எந்த இருட்டில் கண் விழித்திருக்கிறதோ.

எண்ணெய்க் கொப்பரையைக் கிளறிக்கொண்டே அப்பா கேட்டார்: "வளைகாப்புக்கு வளையல் எடுக்கணும். அவளுக்குக் கை பருத்திருக்குமோ? பழைய அளவு சேராதே."

அக்கா, உன் மணிக்கட்டை ஒரு நூலால் அளந்து, கடிதத்துக்குள் வைத்து உடனே அனுப்பு.

சந்தனமாரி